ஐந்தாம் மாதத்தில் ஓர் அளவு

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை திருச்சியில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். செட்டிப்பெண் ரத்னாவதிக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து கிளம்பி வந்த தாய், காவிரியில் வெள்ளம் புரண்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. தாயின் உருவில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். இன்றும் சுகப்பிரசவம் ஆக வேண்டி அந்தச் சந்நிதிக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் ஒரு நாள் உற்சவமாகவே நடக்கிறது.

வெள்ளம் வடியட்டும் என்று வலி காத்திருப்பதில்லை. சிலருக்குக் குறித்த நாளுக்குப் பத்து வாரம், பன்னிரண்டு வாரம் முன்பே எடுத்துவிடுகிறது. வலி எப்போது எடுக்க வேண்டும் என்பதை உடம்பில் எது தீர்மானிக்கிறது? அது முன்கூட்டியே வரப்போகிறது என்று அறிந்து தள்ளிப்போட முடியுமா? இரண்டாவது கேள்விக்கு மருத்துவம் இன்று தரும் பதில், 'சிலருக்கு முடியும்' என்பது. அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிட ஸ்கேன் போதும். தள்ளிப்போட, இரவில் வைத்துக்கொள்ளும் ஒரு மாத்திரை. இரண்டுமே திருச்சியில் கிடைக்கின்றன. அளந்து பார்ப்பதற்கு முன்னால் மருந்தை எழுதிவிடுவதுதான் நம்மூர்ப் பழக்கத்தின் குறை. அளவு ஏன் முதலில் வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

வாரக்கணக்கு

பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்கிறோம். மாதத்துக்கு 28 நாள் என்று வைத்தால் பத்து மாதம் 280 நாள், அதாவது 40 வாரம். மருத்துவரும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து இதே 280 நாளைக் கூட்டித்தான் தேதி குறிக்கிறார். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதப் பிரசவம். 32 வாரத்துக்கு முன் பிறந்தால் ஆபத்து கூடுதல். 28 வாரத்துக்கும் முன் என்றால் மிகக் கூடுதல்.

2020-ல் உலகம் முழுவதும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிக் குறைமாதத்தில் பிறந்தன என்பது மதிப்பீடு. பத்துக்கு ஒன்று. அவற்றில் 30 லட்சத்துக்கும் மேல் இந்தியாவில். வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் மரணக் காரணங்களில் முதலிடம் குறைமாதப் பிறப்பின் சிக்கல்களுக்குத்தான்.

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று ஸ்ரீரங்கத்து வீடுகளில் பெரியவர்கள் இன்னும் சொல்வதுண்டு. பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. உண்மை நேர்மாறானது. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்பாக்டன்ட் என்ற வழவழப்புப் பொருள், ஏறக்குறைய 34, 35 வாரங்களில்தான் போதிய அளவுக்குச் சுரக்கிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறமையும் 34 வாரத்தையொட்டித்தான் வருகிறது. மூளையின் மெல்லிய ரத்தநாளங்களும் குடலும் அதற்கு முன் எளிதில் சேதமடைபவை. 28-ஐ 32 ஆக்கினாலும், 32-ஐ 35 ஆக்கினாலும் அது பெரிய வெற்றி.

இந்தக் கணக்கெல்லாம் தொடங்கிய நாள் சரியாகத் தெரிந்தால்தான் நிற்கும். மாதவிலக்குத் தேதி நினைவில்லாதவர்கள் உண்டு, ஒழுங்காக வராதவர்களும் உண்டு. அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்து, கருவைத் தலை முதல் பிட்டம் வரை அளந்து வயதைக் கணிக்கிறார்கள். அந்தப் பருவத்தில் எல்லாக் கருக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் பிழை சில நாட்களுக்குள் அடங்கிவிடும். நாள் ஆக ஆக வளர்ச்சி குழந்தைக்குக் குழந்தை மாறும், பிழையும் பெருகும். தாமதமாக ஸ்கேனுக்கு வரும் பெண்களுக்காகச் சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் ஃபரிதாபாத்தின் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 'கர்ப்பிணி-ஜிஏ2' என்ற கணினிக் கணிப்பு முறையை உருவாக்கி 2024-ல் வெளியிட்டார்கள். குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015 முதல் பதிவான கர்ப்பிணிகளின் தரவை வைத்து, இந்தியப் பெண்களுக்கென்றே செய்தது அது.

அடங்கியிருக்கும் தசை

கர்ப்பப்பை பெரும்பாலும் தசை. சும்மா இருக்கும்போது 70 கிராம்கூட இருக்காது. பேறுகாலத்தில் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். உள்ளே கைப்பிடி அளவு தண்ணீர்கூடக் கொள்ளாத இடம், குழந்தையும் பனிக்குடமுமாக ஐந்து லிட்டர் வரை கொள்ளும்படி விரிகிறது. இப்படிப்பட்ட தசையை இழுத்து விரித்தால் அது சுருங்கப் பார்க்கும். சிறுநீர்ப்பை நிறைந்தால் எவ்வளவு நெருக்குகிறது என்பது நமக்குத் தெரியும். கர்ப்பப்பை மட்டும் ஒன்பது மாதம் இழுபட்டும் பேசாமல் இருக்கிறது. அதை அடக்கி வைப்பது எது?

1903-ல் ஜெர்மானிய மருத்துவர் லூட்விக் ஃபிரேங்கல் முயல்களை வைத்து இதற்கு முதல் தடயத்தைத் தந்தார். சினைமுட்டை வெளியேறிய பின் சூலகத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரட்சி உருவாகும். மஞ்சள் திரட்சி என்று அதைச் சொல்லலாம். சினைப்பட்ட முயலில் அதை அழித்தால் கரு தங்கவில்லை. 1929-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்டு ஆலனும் இதை மறுபக்கத்திலிருந்து சோதித்தார்கள். சினைப்பட்ட முயலின் சூலகங்களை எடுத்துவிட்டு, மஞ்சள் திரட்சியிலிருந்து வடித்த சாற்றை ஊசியாகப் போட்டார்கள். கரு தங்கியது. அந்தச் சாற்றிலிருந்த பொருள் 1934-ல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் புரோஜெஸ்ட்ரோன் என்ற இயக்குநீர்.

மனிதரிலும் அப்படித்தானா? 1970-களில் ஆர்பாட் சாப்போ என்ற ஆய்வாளரின் குழு, ஏழாம் வாரத்துக்கு முன் மஞ்சள் திரட்சியை நீக்கினால் கரு கலைகிறது என்றும், புரோஜெஸ்ட்ரோனைக் கொடுத்தால் கலைவதில்லை என்றும் காட்டியது. ஒன்பதாம் வாரத்துக்குப் பிறகு நீக்கினால் பாதிப்பில்லை. அதற்குள் நஞ்சுக்கொடி தானே புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கத் தொடங்கியிருக்கும். 1980-களில் வந்த மைஃபிப்ரிஸ்டோன் இதை இன்னும் உறுதியாக்கியது. இந்த மருந்து புரோஜெஸ்ட்ரோனைக் குறைப்பதில்லை. செல்லுக்குள் அது போய்ப் பொருந்தும் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. இயக்குநீர் ஏராளமாக இருந்தும் அதன் பேச்சு எடுபடாமல் போகிறது. கர்ப்பப்பையின் வாய் இளகுகிறது, தசை சுருங்கத் தொடங்குகிறது. ஒன்பது மாத அமைதிக்குக் காரணம் யார் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. செம்மறியாட்டில் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் சரேலென இறங்கும். மனிதரில் இறங்குவதில்லை. நஞ்சுக்கொடி வெளியே விழும்வரை அளவு உயர்ந்தே நிற்கிறது. அப்படியிருந்தும் வலி எடுக்கிறது. காரணம், ஏற்பிகள் மாறிவிடுகின்றன. புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியில் ஏ, பி என்று இரண்டு முக்கிய வகை. தசையை அடக்கி வைப்பது பி. நாள் நெருங்கும்போது ஏ வகை மேலோங்கி, பி-யின் வேலையைக் கெடுக்கிறது. கூடவே அழற்சியைத் தூண்டும் பொருள்களும் பெருகுகின்றன. தனித்தனியாகக் கிடந்த தசைச் செல்களுக்கு இடையே நுண்வாய்கள் திறந்து, மின்குறிப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்கிறது. அதன்பின் மொத்தத் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகிறது. அதைத்தான் நாம் வலி என்கிறோம்.

ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோனை அளந்து குறைமாதப் பிரசவத்தை முன்கூட்டியே சொல்ல முடியாமல் போனதற்கும் இதுவே காரணம். அளக்க வேண்டிய இடம் வேறு.

கழுத்தின் நீளம்

பாட்டியின் இடுப்பில் செருகிய சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் உடம்பு கர்ப்பப்பை. கயிறு இழுத்து மூடிய மடிப்புப் பகுதி அதன் கழுத்து. நம் பேச்சில் கர்ப்பப்பை வாய் என்போம். மடிப்பு நீளமாக இருக்கும்வரை பையில் எவ்வளவு போட்டாலும் கொட்டாது. உள்ளிருக்கும் சுமை மடிப்பை மேலிருந்து பிரிக்கத் தொடங்கினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வாய் மூடியபடியே தெரியும். உள்ளே மடிப்பு குறுகிக்கொண்டே வரும். கடைசி அரை அங்குலமும் பிரிந்த பிறகுதான் திறந்தது தெரியும்.

கழுத்தில் நடப்பதும் இதுதான். அது பெரும்பாலும் கொலாஜன் இழைகளால் ஆனது. அந்த இழைகளின் கட்டு தளரும்போது உட்புறமிருந்து திறக்கிறது. விரலால் சோதிக்கும் மருத்துவருக்கு வெளிவாய்தான் எட்டும், உட்பக்கம் எட்டாது. 'வாய் திறந்துருச்சு' என்று சொல்லும் கட்டம் வருவதற்குள் பல வாரங்கள் கடந்திருக்கும்.

தளரும் கழுத்துக்கு ஒரு கட்டுப் போடலாம் என்று உலகுக்குச் சொன்னவர் ஓர் இந்தியர். கோவாவில் பிறந்து மும்பையில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் வி. என். சிரோத்கர், நான்கு ஐந்து மாதங்களில் திரும்பத் திரும்பக் கரு இழந்த பெண்களுக்குக் கழுத்தைச் சுற்றித் தையல் போடும் முறையை 1955-ல் எழுதினார். அது வெளிவந்தது மதராஸின் 'ஆன்டிசெப்டிக்' மருத்துவ இதழில். முதலில் அவர் பயன்படுத்திய நாடா, அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே எடுத்த உறுதியான சவ்வு. இரண்டு ஆண்டு கழித்து மெல்போர்னில் இயன் மெக்டொனால்டு இன்னும் எளிமையான தையலைச் சொன்னார். 'தையல் போட்டிருக்காங்க' என்று இன்று நம் வீடுகளில் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான். 36, 37 வாரத்தில் அதைப் பிரித்துவிடுவார்கள்.

யாருக்குக் கழுத்து தளரப்போகிறது என்பதை அளவாகச் சொல்ல 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜே அயம்ஸும் சகாக்களும் 2,915 கர்ப்பிணிகளுக்கு 24-ஆம் வாரத்தையொட்டி உள்வழி ஸ்கேனில் கழுத்தின் நீளத்தை அளந்து, பிரசவம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி நீளம் 35 மில்லிமீட்டர். நீளம் குறையக் குறையக் குறைமாதப் பிரசவத்தின் வாய்ப்பு படிப்படியாக ஏறியது. 25 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் எச்சரிக்கை என்ற இன்றைய எல்லைக்கு அடித்தளம் அங்கே விழுந்தது.

இந்த அளவை எடுப்பது எப்படி என்று கிட்டப்போய்ப் பார்க்கலாம். தில்லைநகரின் எந்த ஸ்கேன் சென்டரிலும் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வந்த பெண்கள் கையில் தண்ணீர் பாட்டிலோடு நடந்துகொண்டிருப்பார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை எதிரே மாட்டியிருக்கும். வயிற்றின் மேல் ஸ்கேன் எடுக்கச் சிறுநீர் நிறைந்திருந்தால் உதவி. கழுத்தை அளக்க நேர்மாறு. 'யூரின் போயிட்டு வந்துடுங்கம்மா' என்று அனுப்பிவிட வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை கழுத்தை அழுத்தி, இருப்பதைவிட நீளமாகக் காட்டிவிடும். குறுகிய கழுத்து நல்ல கழுத்துபோலத் தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். உறை மாட்டி ஜெல் தடவிய, விரல் பருமனுள்ள கருவியை உள்ளே வைப்பார்கள். டிவிஎஸ் ஸ்கேன் என்பது இதைத்தான். திரையில் ஒரு பக்கம் குழந்தையின் தலை, அதையொட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. கருவியை அழுத்திப் பிடித்தாலும் பட்டை நீண்டு தெரியும். அதனால் படம் மங்கும்வரை பின்னால் இழுத்து, மீண்டும் தெளிவாகும் அளவுக்கு மட்டும் தொட வேண்டும். உள்வாயில் ஒரு புள்ளி, வெளிவாயில் ஒரு புள்ளி. இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று இயந்திரம் சொல்லும். மூன்று முறை எடுத்து, அதில் குறைந்ததைக் குறிப்பார்கள். கழுத்து நிமிடத்துக்கு நிமிடம் சற்று மாறும் என்பதால் மூன்று முதல் ஐந்து நிமிடம் பார்ப்பது முறை. குழந்தையை இந்தக் கருவி தொடுவதே இல்லை. இதனால் கரு கலைந்துவிடுமோ என்ற பயத்துக்கு இடமில்லை.

மருந்தும் வெற்று மாத்திரையும்

குறுகிய கழுத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். புரோஜெஸ்ட்ரோன் கொடுத்தால் பயன் உண்டா? மருந்து வாங்கியவர்களில் பலர் நல்லபடியாகப் பெற்றார்கள் என்பது ஆதாரம் ஆகாது. மருந்து இல்லாமலும் பலர் நல்லபடியாகத்தான் பெறுகிறார்கள். அதற்காகத்தான் குலுக்கல் முறைச் சோதனை. பெண்களைக் குலுக்கல்போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்குப் பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரையும் தருவார்கள். எது எவருக்கு என்று கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. கடைசியில் பிரித்துப் பார்க்கும்போது தெரியும் வித்தியாசம் மருந்தால் வந்தது.

2007-ல் வெளியான ஃபொன்சேகா ஆய்வில் 24,620 பெண்களின் கழுத்தை அளந்தார்கள். 15 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள் 413 பேர், நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அவர்களில் 250 பேர் சோதனையில் சேர்ந்தார்கள். 200 மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரோனை 24 முதல் 34 வாரம் வரை இரவுதோறும் பிறப்புறுப்பில் வைத்துக்கொண்டவர்களில் 34 வாரத்துக்கு முன் பெற்றவர்கள் 19.2 சதவீதம். வெற்று மாத்திரைக்காரர்களில் 34.4 சதவீதம். ஏறக்குறைய ஏழு பேருக்குக் கொடுத்தால் ஒரு குழந்தை அந்த ஆபத்திலிருந்து தப்புகிறது. மருத்துவத்தில் இது நல்ல கணக்கு. 2011-ல் ஹாசனும் சகாக்களும் 10 முதல் 20 மில்லிமீட்டர் கழுத்துள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். 33 வாரத்துக்கு முன்பான பிரசவம் 16.1 சதவீதத்திலிருந்து 8.9 ஆனது.

எல்லா ஆய்வும் இப்படி ஒத்துப்பாடவில்லை. 2016-ல் வந்த ஆப்டிமம் ஆய்வு, பல காரணங்களால் ஆபத்தில் இருந்த 1,228 பெண்களைச் சேர்த்துப் பார்த்து, குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றது. பிறந்த குழந்தைகளை இரண்டு வயது வரை கவனித்ததில் கெடுதலும் தெரியவில்லை. 2021-ல் எப்பிக் என்ற கூட்டாய்வு, 31 சோதனைகளில் பங்கேற்ற 11,644 பெண்களின் தனித்தனி விவரங்களை ஒன்றாக வைத்து அலசியது. ஒற்றைக் குழந்தை சுமந்த, ஆபத்து கூடிய பெண்களில் பிறப்புறுப்பு வழிப் புரோஜெஸ்ட்ரோன் 34 வாரத்துக்கு முன்பான பிரசவத்தை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்தது. இரட்டைக் குழந்தை சுமந்தவர்களுக்குப் பயன் தெரியவில்லை.

வாயால் விழுங்காமல் ஏன் கீழே வைக்க வேண்டும்? விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியை முதலிலேயே சிதைத்துவிடும், தூக்கமும் கிறுகிறுப்பும் வரும். கீழே வைத்தால் மருந்து கர்ப்பப்பைக்கு நேரடியாகச் சேர்கிறது.

ஊசியின் கதை

நம்மூரில் பலருக்கும் பழக்கமான இன்னொன்று உண்டு. வாரம் ஒரு முறை போடும் ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் கேப்ரோயேட் ஊசி. பெயரில் புரோஜெஸ்ட்ரோன் இருந்தாலும் இது உடலில் சுரக்கும் அதே மூலக்கூறு அல்ல, செயற்கையாக மாற்றியமைத்த உறவினர்.

2003-ல் அமெரிக்காவில் 463 பெண்களிடம் நடந்த சோதனையில் இந்த ஊசி பெரிய வெற்றி பெற்றது. முன்பு குறைமாதத்தில் பெற்ற பெண்களில் 37 வாரத்துக்கு முன்பான பிரசவம் 54.9 சதவீதத்திலிருந்து 36.3 ஆகக் குறைந்தது. 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு அனுமதி கொடுத்தது, உறுதிசெய்யும் சோதனை ஒன்றை நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தச் சோதனையின் பெயர் புரோலாங். 1,708 பெண்கள். முடிவு: 35 வாரத்துக்கு முன் பெற்றவர்கள் மருந்து ஊசி போட்டவர்களில் 11.0 சதவீதம், வெற்று ஊசி போட்டவர்களில் 11.5. வித்தியாசம் இல்லை. 2023 ஏப்ரலில் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள்.

இருபது ஆண்டு பழகிய மருந்தைச் சான்று இல்லை என்று எடுத்து வைப்பது அறிவியலின் நேர்மை. நம்மூரில் அந்தச் செய்தி மருந்துச்சீட்டு வரைக்கும் வந்து சேர வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கழுத்தை அளக்காமல் எல்லாக் கர்ப்பிணிக்கும் எழுதும் இயக்குநீர், பெரும்பாலானோருக்குத் தேவையற்ற செலவு. குறுகிய கழுத்துள்ள அந்த ஒரு பெண்ணோ, அளக்கப்படாமலே வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

படுத்தே கிடக்கச் சொல்வதும் அப்படித்தான். மாமியாரும் அம்மாவும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் படுக்கை ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாகச் சான்று இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், தசை தளரலாம்.

எங்கே பயன்படாது, அப்போது என்ன செய்வது

குறைமாதப் பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மருத்துவர்களே முடிவெடுத்துச் செய்பவை. தாய்க்கு ரத்த அழுத்தம் எகிறும்போதும் குழந்தையின் வளர்ச்சி நின்றுபோகும்போதும் வெளியே எடுப்பதுதான் காப்பாற்றும் வழி. அங்கே புரோஜெஸ்ட்ரோனுக்கு வேலையில்லை. தொற்றினால் தொடங்கும் பிரசவங்களும் உண்டு. முன்பு குறைமாதத்தில் பெற்ற பெண்ணுக்கு இப்போது கழுத்தும் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிரோத்கர் வழித் தையலும் ஒரு தேர்வு. எந்தப் பெண்ணுக்கு எது என்பதை வரலாறும் அளவும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வலி முன்கூட்டியே வந்துவிட்டால் இன்னொரு இயக்குநீர் கைகொடுக்கிறது. நியூசிலாந்தின் கிரஹாம் லிகின்ஸ், ஆட்டில் பிரசவத்தைத் தொடங்கி வைப்பது எது என்று ஆராய்ந்தபோது, கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்தினார். மூச்சுவிடவே முடியாத வயதில் பிறந்த குட்டிகள் மூச்சுவிட்டன. ஸ்டீராய்டு நுரையீரலை முந்திப் பழுக்க வைத்திருந்தது. 1972-ல் அவரும் ராஸ் ஹவியும் 282 தாய்மாரிடம் நடந்த சோதனையை வெளியிட்டார்கள். மூச்சுத்திணறல் 25.8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. 2020-ல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் சோதனையும் பச்சிளங்குழந்தை மரணம் குறைவதை உறுதிசெய்தது.

இங்கேயும் அளவுதான் ஆசான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் சேர்ந்திருந்த ஆறு நாடுகளில் இதே ஊசியைக் கிராமம் வரை பரவலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்ப வயதைத் துல்லியமாக அறிய வழியில்லாத இடங்கள் அவை. ஊசி பெற்ற பலர் பிறகு நிறைமாதத்தில்தான் பெற்றார்கள். ஒட்டுமொத்தமாகக் குழந்தை மரணம் குறையவில்லை, சற்றுக் கூடியது. வாரம் தெரிந்து, பிரசவம் உறுதியாக நெருங்கிய தாய்க்கு, நல்ல மருத்துவமனையில் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் காப்பதில்லை.

திருச்சியில் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியின் பெயரைப் பிக்மி என்ற அரசுப் பதிவு எண்ணோடு பதிவுசெய்கிறார். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் அதையொட்டி வரத் தொடங்குகிறது. முதல் ஸ்கேனுக்கான வழி இங்கேயே இருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்க எப்படியும் ஸ்கேன் எடுக்கிறார்கள். பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ, 19 முதல் 24 வாரத்துக்குள் எல்லாக் கர்ப்பிணிக்கும் கழுத்து நீளத்தை அளக்கலாம் என்று 2015-லேயே பரிந்துரைத்தது. அதே நாள், அதே அறை, அதே இயந்திரம். கூடுதலாக ஐந்து நிமிடம்.

ஃபொன்சேகா ஆய்வின் விகிதத்தை வைத்தே கணக்குப் போடலாம். ஆயிரம் பெண்களை அளந்தால் 17 பேருக்குக் கழுத்து மிகக் குறுகியிருக்கும். மருந்தில்லாமல் விட்டால் அவர்களில் ஆறு பேர் 34 வாரத்துக்கு முன் பெறுவார்கள். மருந்து கொடுத்தால் மூன்று பேர். குறைமாதப் பிரசவம் முழுவதையும் இது ஒழித்துவிடாது, கழுத்து நன்றாக இருந்தும் முன்கூட்டிப் பெறுபவர்கள் உண்டு. ஆனால் தப்பும் மற்ற மூன்று குழந்தைகள் வென்டிலேட்டரில் கிடக்க வேண்டியதில்லை. மூன்று குடும்பங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கும், மணிகண்டத்திலிருந்தோ துறையூரிலிருந்தோ வரும் பெண்ணுக்கும் இது ஒன்றுபோலக் கிடைக்க வேண்டும். கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை மாவட்டத்தின் தலைமை இடத்தில் இருக்கிறது. உள்வழி ஸ்கேனில் கழுத்தைச் சரியாக அளக்கக் கற்றுக்கொடுப்பதும், குறுகியது என்று தெரிந்த பெண்ணை உடனே அனுப்பிவைப்பதும், பிரசவம் நெருங்கினால் குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே 108-ல் ஏற்றி இங்கே கொண்டுவருவதும் புதிய கட்டடம் கேட்பவை அல்ல.

கர்ப்பிணிகளும் வீட்டாரும் செய்யக்கூடியது இன்னும் எளிது. மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்து வாரக்கணக்கை உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்பு குறைமாதத்தில் பெற்றிருந்தாலோ, நான்கு ஐந்து மாதத்தில் கரு இழந்திருந்தாலோ, முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்ததும், 'குழந்தை நல்லா இருக்கா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'டாக்டர், கர்ப்பப்பை வாய் நீளம் எத்தனை மில்லிமீட்டர்?' என்றும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் அந்த ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அளந்து தரச் சொல்லுங்கள். மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும்.